கறுப்பு பெல்ட் மாப்பிள்ளை

நெடுங்காடு,
2-1-1980

அன்புள்ள அத்தானுக்கு, அஞ்சுகம் வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வலி குறைந்ததும் பேச்சு கூடிவிட்டது. அங்கே பனி கொட்டுகிறதாமே, நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அப்பா ஒரு தடவை படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். நீங்கள் எழுதும் கடிதமும் அப்பா பெயருக்குத்தான் வரவேண்டும். சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பார், நாங்கள் கேட்டுக்கொள்வோம். நிச்சயமான பெண்ணுக்கு நேராகக் கடிதம் வரக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர், ஒரு கமாவைக்கூட விழுங்கமாட்டார். ஆகையால் பார்த்து எழுதுங்கள்.

பூவாயி அத்தை குரும்பகரத்திலிருந்து வந்து, "எம் புள்ளயப் பாருங்க" என்று உங்கள் போட்டோவைக் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் கறுப்பு பெல்ட், வெறுங்கால். பார்த்த உடனே அம்மா, "என்னங்க இது, புள்ள ஆஸ்பத்திரியிலயா இருக்கு?" என்று கண்கலங்கிவிட்டாள். அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "சமையக்காரங்க உடுப்பு மாதிரில்ல தெரியுது" என்றார். நான்தான் விளக்கினேன்: இது ஜூடோ, ஜப்பான்காரர்களின் வித்தை, இப்போது உலகம் முழுக்க விளையாட்டு, கறுப்பு பெல்ட் கட்டியவர் பெரிய ஆள் என்று. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது ஒரு புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் சொல்லியாகிவிட்டது. "எங்க மாப்ள ஒரே நேரத்துல நாலு பேரைத் தூக்கி எறிவாரு" என்கிறார். அந்த நாலு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு ஆசை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் விளையாட்டு டீச்சர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. வளையப்பந்தும் கோகோவும் ஆடி ஆடிப் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது, எனக்கும்தான். நீங்கள் ஜூடோ பாடத்தைக் கடிதத்திலேயே எழுதி அனுப்புங்கள். பதினாலு பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள், நான் பதினைந்தாவது. ஆவணியில் கல்யாணத்துக்கு வருகிறீர்கள் அல்லவா, அதற்குள் உங்களையே தூக்கிப் போடும் அளவுக்குக் கற்றுவிடுவேன். இந்த வரியை அப்பா அடித்துவிடமாட்டார். எழுதும்போதே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

அப்பா அம்மா ஆசியைச் சொல்லச் சொன்னார்கள்.

அஞ்சுகம்


சார்செல், பாரிஸ் பக்கம்,
14-1-1980

அம்மாவுக்குப் பூமிநாதன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், அதாவது இன்று காலை தபால் வரும்வரை நன்றாக இருந்தேன். உனக்கு இதைப் படித்துக் காட்டும் சேக் அலாவுதீன் மாமாவுக்கு என் சலாம். மாமா, இது வெளியே போகவேண்டாம்.

அம்மா, அந்தப் போட்டோவை ஏன் நெடுங்காட்டுக்குக் கொடுத்தாய்? உன்னைச் சிரிக்க வைக்க அல்லவா அனுப்பினேன்? கோட்டுப் போட்டு ஸ்டூடியோவில் எடுத்ததுதானே மாப்பிள்ளை போட்டோ? எனக்கு ஜூடோ தெரியாது. ஒரு மண்ணும் தெரியாது. நான் இங்கே நகரசபை விளையாட்டுக் கூடத்தில் காவல் வேலை பார்க்கிறேன், பாய் விரிக்கிறேன், துடைக்கிறேன், கதவைப் பூட்டுகிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஜூடோ கற்றுக்கொடுக்கும் முசியே லூயி ஒரு நாள் வேடிக்கையாகத் தன் சட்டையையும் கறுப்பு பெல்ட்டையும் எனக்கு மாட்டிவிட்டு ஒரு படம் எடுத்தார். அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட அதைக் கட்டியிருக்கவில்லை.

இப்போது அந்தப் பெண் என்னிடம் பாடம் கேட்கிறாள். நெடுங்காட்டு மாமா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாராம். நான் ஒரே நேரத்தில் நாலு பேரை எறிவேனாம். ஒரு கோழியைப் பிடிக்கக்கூட நாலு பேரைக் கூப்பிடுபவன் நான் என்பது உனக்குத் தெரியும்.

நீ உடனே நெடுங்காடு போய் மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. எனக்கு எழுதக் கை வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பூமிநாதன்


குரும்பகரம்,
26-1-1980

பூவாயி அம்மாள் சொல்லச் சொல்ல சேக் அலாவுதீன் எழுதுவது. சொன்னது சொன்னபடி:

தம்பி, நான் கல்லு மாதிரி இருக்கேன். ரெண்டு மாடும் சொகம். அறுப்பு முடிஞ்சிடுச்சு.

நான் போயி சொல்லமாட்டேன். எங்க அண்ணன் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசிப் பதினோரு வருசம் ஆச்சு, அந்த வரப்புத் தகராறுலேருந்து. இப்பத்தான் வாசப்படியில நின்னு "வா பூவாயி, சாப்டியா"ங்குறாரு. அந்த வாயை நானே போயி மூடணுமா? கோட்டுப் போட்ட போட்டோவுல நீ திருட்டு முழி முழிக்கிற. இதுல சிரிச்ச மொகமா இருந்துச்சு, குடுத்தேன். பெல்ட்டு கறுப்பா செவப்பான்னு நான் என்னத்தைக் கண்டேன்?

ஆவணிக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு. தெனம் அந்தப் பாயை விரிக்கிறவன் அதுல ஏறி நின்னு கத்துக்கிட்டா என்னவாம்? வெள்ளக்காரன் வேணாம்னா சொல்லப்போறான்? கத்துக்க. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, விட்டுடாத.

எழுதியவன் குறிப்பு: தம்பி, உங்கள் அம்மா சொல்வது சரியில்லை. இதை அவர்களிடமே சொன்னேன், எழுதுற வேலையை மட்டும் பாருங்க என்றார்கள். நீங்கள் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

சேக் அலாவுதீன்


சார்செல்,
21-2-1980

மாமாவுக்கும் அத்தைக்கும் பூமிநாதனின் வணக்கம். அஞ்சுகத்துக்கு அன்பு. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். கொஞ்சம் முதுகுவலி, வேறு ஒன்றும் இல்லை. அத்தையின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்து வருவேன்.

அஞ்சுகம், நீ கேட்ட பாடம். ஜூடோவில் முதலில் இருவரும் எதிரெதிரே நின்று குனிந்து வணங்க வேண்டும். முடிந்ததும் மறுபடி வணங்க வேண்டும், விழுந்தவரும்கூட.

அடுத்தது விழுவது. தூக்கிப் போடுவதை யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை, விழத்தான் சொல்லித்தருவார்கள். பின்பக்கமாக விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை "டங்" என்று அடிக்கும், சாயங்காலம்வரை காதில் கேட்கும். முதுகை உருண்டையாக வளைத்துக்கொள். முதுகு தரையைத் தொடும் அந்த நொடியில் இரண்டு கைகளாலும் பாயை ஓங்கி அறைய வேண்டும். அடியைப் பாய் வாங்கிக்கொள்ளும். விழுந்த பிறகு உடனே எழ முடியாது. மேலே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். எங்கள் கூடத்தின் கூரையில் ஏழு குழல் விளக்குகள், அதில் மூன்றாவது கண் சிமிட்டுகிறது.

காலை வாரும் வித்தைக்கு ஓ-சோட்டோ-காரி என்று பெயர். கழுத்துப் பட்டையையும் முழங்கைத் துணியையும் பிடித்து நம்மைப் பின்பக்கமாகச் சாய்ப்பார்கள். உடம்பின் பாரம் முழுதும் நம் வலது குதிகாலில் இறங்கும். அந்தச் சமயம் பார்த்து அதே காலை வெளிப்பக்கமிருந்து வாரிவிடுவார்கள். எப்போது கால் போனது என்றே தெரியாது.

இங்கே ழனின் என்று ஒருத்தி, ஆரஞ்சு பெல்ட். அவள்தான் புதன்கிழமைதோறும் எனக்கு ஜோடி. அபாரமாகச் செய்வாள். அவளைப் பார்த்தால் உனக்கே பிடித்துப்போகும்.

மாமாவின் கொம்யூன் ஆபீஸ் நண்பர்களை விசாரித்ததாகச் சொல்லவும்.

பூமிநாதன்


நெடுங்காடு,
10-3-1980

அத்தானுக்கு அஞ்சுகத்தின் வணக்கம். இங்கே வெயில் ஏறிவிட்டது, ஆட்கள் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறாள். பிரான்சில் விளக்கெண்ணெய் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை அப்பா மூன்று தடவை படித்தார். "கும்புட்டுட்டு அடிக்கிறது, அடிச்சுட்டுக் கும்புடுறது. நல்ல மரியாதப்பட்ட ஜனங்கய்யா" என்று ஜப்பானுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். கழுத்துப் பட்டையைப் பிடிக்கும் இடத்தில் மட்டும் இருமல் வந்தது.

இனி பயிற்சிக் கதை. பாய்க்கு எங்கே போவது? அறுத்த வைக்கோல் எங்கள் களத்தில் மலையாகக் கிடந்தது. என்னோடு தையல் டீச்சராக இருக்கிறாள் அமீர் நிஷா, அவள் எட்டு கோணிச் சாக்கைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து ஒரு மெத்தை பண்ணிவிட்டாள். ஜூடோ சட்டைக்குக் காடாத் துணி. தோளில் மூன்று தையல் போட்டிருக்கிறாள். "இது கிழிஞ்சா என் பேரை மாத்திக்கிறேன் அஞ்சுகம்" என்கிறாள். தைத்த பாவத்துக்கு அவளையே என் ஜோடி ஆக்கிவிட்டேன்.

பிள்ளைகள் விழுகிறார்கள், அப்படி விழுகிறார்கள்! பதினாலு பேரும் வரிசையாக நின்று "டப், டப்" என்று மெத்தையை அறைவது பஸ் ரோடு வரை கேட்கிறது. அங்கே பஸ்ஸுக்கு நின்ற தலைமையாசிரியை களத்துக்கு ஓடிவந்து, "யாரை அடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. எல்லோர் முடியிலும் வைக்கோல்.

ஒரு சந்தேகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பாடம் முழுக்க விழுகிறவர் பாடமாகவே இருக்கிறது. "நம்மைச் சாய்ப்பார்கள்", "காலை வாரிவிடுவார்கள்" என்கிறீர்கள். சாய்க்கிறவர் தன் காலை எங்கே வைக்க வேண்டும்? அதை எழுதவே இல்லையே? நானும் அமீர் நிஷாவும் பட்டையைப் பிடித்துக்கொண்டு, யார் முதலில் விழுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பெரிய ஆட்கள் அடக்கமாகத்தான் எழுதுவார்கள் என்கிறார் அப்பா.

ழனின் யார்? சும்மா கேட்டேன்.

அஞ்சுகம்


சார்செல்,
27-3-1980

மாமா, அத்தை, அஞ்சுகம் மூவருக்கும் வணக்கமும் அன்பும். நான் சுகம். முதுகு பழகிவிட்டது. இங்கே மரங்களில் துளிர் விடுகிறது, எனக்கும் உற்சாகமாக இருக்கிறது.

அஞ்சுகம், நீ கேட்டது நல்ல கேள்வி. நேற்று ழனினிடமே கேட்டேன். சாய்க்கிறவர் தன் இடது காலை எதிரியின் வலது காலுக்கு அருகே ஊன்ற வேண்டுமாம். நெஞ்சு நெஞ்சோடு நெருங்க வேண்டும், அப்புறம்தான் வாரும் கால். தள்ளி நின்று காலை மட்டும் நீட்டினால் நாமே விழுவோம். இதை அவள் எனக்கு ஒன்பது தடவை செய்து காட்டினாள்.

அடுத்த வித்தை ஓ-கோஷி. மாமா, அடுத்த வரியில் இடுப்பு என்ற சொல் வருகிறது. மன்னிக்க வேண்டும், ஜப்பான்காரர்கள் வைத்தது. எதிரியை முன்பக்கம் இழுத்து, சட்டென்று திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, அவரை இடுப்பின் மேல் ஏற்றி உருட்டிவிட வேண்டும். எதிரியைவிடக் குட்டையாக இருந்தால் இது சுலபம். ழனின் என்னைவிடக் குட்டை, அதனால் அவளுக்கு நன்றாக வருகிறது.

அவளைப் பற்றிக் கேட்டிருந்தாய். என்ன சொல்வது, தங்கமான பெண். சுருட்டை முடி. அவள் சிரித்தால் கூடத்தில் எல்லோரும் சிரிப்போம். நான் விழுந்தால் ஓடிவந்து கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். போன வாரம் நான் நன்றாக விழுந்தேன் என்று ஒரு சாக்லேட் கொடுத்தாள். புதன்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது. உன்னைப் பற்றி அவளிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

அமீர் நிஷா டீச்சருக்கு என் வணக்கம்.

பூமிநாதன்


நெடுங்காடு,
15-4-1980

அத்தானுக்கு.

சுகம் விசாரிக்க மனசு இல்லை, அதனால் விசாரிக்கவில்லை. இந்தக் கடிதத்தை அப்பாவுக்குக் காட்டாமல் எழுதி, பள்ளிக்கூடத்துப் பக்கத்துத் தபால் பெட்டியில் போடுகிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இப்படிச் செய்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பா வழக்கம்போல் உரக்கப் படித்தார். சுருட்டை முடியில் குரல் இறங்கிவிட்டது. சாக்லேட்டில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வருஷப் பிறப்பன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்களுக்கு அந்தப் பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது என்றால் அதில் தப்பு இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறீர்கள், என்னைப் பார்த்தது நான் பாவாடை கட்டிய வயதில். ஆனால் அதை எங்கள் கூடத்தில், எங்கள் அப்பா வாயாலேயே எனக்குப் படித்துக் காட்ட வைத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு உங்களை மிகவும் பிடித்திருந்தது. அந்தப் போட்டோவுக்காக இல்லை. குழல் விளக்கு கண் சிமிட்டுகிறது என்று எழுதினீர்களே, அதற்காக.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் அப்பா பெயருக்குத்தான் வரும், உரக்கத்தான் படிக்கப்படும்.

அஞ்சுகம்


நெடுங்காடு,
24-5-1980

சிரஞ்சீவி மாப்பிள்ளை பூமிநாதன் அவர்களுக்கு மாரிக்கண்ணு ஆசீர்வாதத்துடன் தெரியப்படுத்துவது. இவ்விடம் யாவரும் தேக சௌக்கியம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. தங்களிடமிருந்து மார்ச் 27 தேதியிட்ட கடிதத்துக்குப் பின் கடிதம் ஏதும் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ரௌத்திரி வருஷம் ஆவணி மாதம் 12ஆம் நாள் வியாழக்கிழமை முகூர்த்தம் குறித்தபடியால், அழைப்பிதழ் ஐந்நூறு அச்சாகி வந்துவிட்டது. மாதிரி ஒன்று இத்துடன் இணைப்பு. மணமகள் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட்டிருப்பதுபோல் தங்கள் பெயருக்குப் பின்னாலும் "ஜூடோ (பிளாக் பெல்ட்), பிரான்ஸ்" என்று போட்டிருக்கிறேன். அச்சுக்கூடத்தார் இந்தப் பட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை என்றனர். நான் விளக்கிச் சொன்னேன்.

ஆயினும் அவற்றை யாருக்கும் கொடுக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். காரணம் தாங்கள் அறிவீர்கள். என் மகள் ஒன்றரை மாதமாகக் களத்து மெத்தையின் பக்கம் போகவில்லை. கேட்டால் வெயில் என்கிறாள். வெயிலுக்கு அஞ்சுகிற பெண் அல்ல.

கீழ்க்கண்டவற்றுக்கு ஒழுங்காகப் பதில் வேண்டும்.

1. ழனின் என்பவர் யார்?
2. வயது என்ன? திருமணமானவரா?
3. அவர் தங்களுக்கு என்ன உறவு?

மறைக்காமல் எழுதவும். தங்கள் தாயாரிடம் கேட்டேன். பூவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டது. அழுததா சிரித்ததா என்று விளங்கவில்லை.

மாரிக்கண்ணு


சார்செல்,
5-6-1980

மாமாவுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை வழக்கம்போல் காப்பி குடித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, உரக்கப் படியுங்கள். அத்தையும் அஞ்சுகமும் இருக்கட்டும். அமீர் நிஷா டீச்சரும், முடிந்தால் என் அம்மாவும் இருக்கட்டும். ஒரு வரியையும் விடவேண்டாம், குரலையும் இறக்க வேண்டாம். இரண்டு மாதமாக இதை எழுதப் பயந்துகொண்டிருந்தேன். இன்று எழுதுகிறேன்.

தங்கள் கேள்விகளுக்குப் பதில்.

ழனின் என்பவர் பக்கத்துத் தெரு ரொட்டிக் கடைக்காரரின் மகள். வயது பத்து. நாலாம் வகுப்பு. எடை முப்பது கிலோ. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. என்னோடு உறவு: நான் படிக்கும் ஜூடோ வகுப்பில் எனக்கு மூத்த மாணவி.

ஆம் மாமா, நான் படிக்கும் வகுப்பு. எனக்கு ஜூடோ தெரியாது. போட்டோவில் உள்ள கறுப்பு பெல்ட் முசியே லூயி என்பவருடையது, வேடிக்கைக்குக் கட்டிவிட்டார். நான் அந்தக் கூடத்தைக் காக்கிறவன், அந்தப் பாய்களைத் துடைக்கிறவன். கறுப்பு பெல்ட் என்று நான் எங்கும் எழுதவில்லை. ஆனால் இல்லை என்றும் எழுதவில்லை, அது பொய்யைவிடக் குறைந்ததல்ல. அஞ்சுகம் பாடம் கேட்டதும் என்ன செய்வது என்று தெரியாமல் வகுப்பில் சேர்ந்தேன். பெரியவர்கள் வகுப்பு நேரத்தில் எனக்கு நீச்சல் குளத்து வாசலில் வேலை. ஆகவே புதன்கிழமை மத்தியானம், இங்கே பள்ளிக்கூடத்துக்கு லீவு நாள், குழந்தைகள் வகுப்பில் சேர்ந்தேன். பதினெட்டுப் பிள்ளைகள், நான் ஒருவன். வரிசையில் நின்றால் நெற்பயிருக்கு நடுவே பனைமரம் மாதிரி இருக்கும்.

பதினைந்து புதன்கிழமைகள் விழுந்திருக்கிறேன். அஞ்சுகம், நீ சரியாகக் கண்டுபிடித்தாய். என் பாடம் விழுகிறவன் பாடமாக இருந்ததற்குக் காரணம், நான் அதைத் தவிர வேறு எதையும் அப்போது பார்க்கவில்லை. மத்தியானம் விழுவேன், சாயங்காலம் உனக்கு எழுதுவேன். ஓ-கோஷியில் மட்டும் அந்தக் குழந்தைக்குக் கனமாக இருக்குமே என்று நானும் பாதி குதித்தேன்.

ழனினின் வயதை ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கலாம். வெட்கம்தான். முப்பது வயது ஆள் பத்து வயதுப் பிள்ளையிடம் வாரம் தவறாமல் விழுகிறான் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? அதை மறைக்கப் போய் உன்னை அழவைத்தேன். நீ எழுதிய கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் நடந்தேன், எடுத்துப் படிக்கத் தைரியம் வரவில்லை.

நேற்று புதன்கிழமை. எனக்கு மஞ்சள் பெல்ட் கட்டினார்கள். வெள்ளைக்கு அடுத்தது அதுதான். குழந்தைகள் கைதட்டினார்கள். கறுப்புக்கு இன்னும் ஐந்து நிறம் பாக்கி, எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது.

மாமா, அழைப்பிதழ்களை எரித்துவிட்டு நிச்சயத்தை முறித்துக்கொண்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அம்மாமேல் மட்டும் கோபப்படாதீர்கள், பதினோரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் பேசினாரே என்று அவளுக்குச் சந்தோஷம்.

அஞ்சுகத்திடம் ஒரே ஒரு கேள்வி, எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். இதையெல்லாம் கேட்ட பிறகும் என்னைப் பிடித்திருக்கிறதா?

பூமிநாதன்


நெடுங்காடு,
22-6-1980

அன்புள்ள அத்தானுக்கு அஞ்சுகத்தின் வணக்கம். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம், வயிறு மட்டும் சிரித்துச் சிரித்து வலிக்கிறது.

நீங்கள் சொன்னபடியே எல்லோரையும் வைத்துக்கொண்டு அப்பா படித்தார். பூவாயி அத்தை குரும்பகரத்திலிருந்து வந்து தூண் ஓரமாக, தப்பு செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "வயது பத்து" என்று அப்பா படித்தார். அப்புறம் படிக்கவில்லை. மறுபடி, "வயது பத்து" என்றார். "எடை முப்பது கிலோ." அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அமீர் நிஷா என் முதுகில் குத்து குத்தென்று குத்தி, "பத்து வயசுப் புள்ளைக்காகவாடி ரெண்டு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" என்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கெல்லாம் ஒழுகியது.

அப்பா சிரிக்கவில்லை. பாய் துடைக்கிற வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்தார். நான் தனியாக உங்களுக்கு எழுதிய கடிதம் பற்றிய வரியில் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசிவரை படித்து முடித்துக் கடிதத்தை மடித்தார். எழுந்து உள்ளே போனார். அத்தை கையைப் பிசைந்தார்கள். அப்பா பீரோவைத் திறந்து ஐந்நூறு அழைப்பிதழையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், போச்சு, எரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மறுபடி போய் மைக்கூட்டையும் கட்டைப் பேனாவையும் கொண்டுவந்தார்.

"தப்பான பதிவு இந்தக் கையால வெளிய போனதில்ல" என்றார். முதல் அழைப்பிதழை எடுத்து, "பிளாக்" என்பதன்மேல் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தார். மேலே "மஞ்சள்" என்று எழுதினார். ஓரத்தில், ஆபீசில் திருத்தம் செய்தால் போடுவாரே, அதே மாதிரி சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். பிறகு அடுத்தது. அச்சுக்கூடத்தில் புதிதாக அடித்துத் தருகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்றுவிட்டார். நாலு நாள் ஆயிற்று. அத்தை ஒவ்வொன்றாக வாங்கி மை காயப் பரப்பினார்கள். மூன்றாம் நாள், "பூவாயி, உன் புள்ள தெம்பான பயதான்" என்று அப்பா சொன்னார். அத்தை அதற்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இந்தத் தடவை அழுகை.

அழைப்பிதழ் ஊருக்குள் போயாயிற்று. கறுப்பை அடித்து மஞ்சள் போட்டிருப்பதால் உங்களுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்று நெடுங்காட்டில் முடிவு செய்துவிட்டார்கள். டீக்கடையில் அப்பா நின்று ஒவ்வொருவருக்கும் விளக்குகிறார்: "உசந்தது இல்லய்யா, ரெண்டாவது படி. இப்பத்தான் கத்துக்குறாரு." யாரும் நம்புவதில்லை. கல்யாணத்துக்கு மஞ்சள்தான் பொருத்தம் என்று அம்மாவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு மாதம் தலையணை நனைந்தது, அதற்கு நீங்கள் வந்ததும் ஒரு பாட்டம் வசவு இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து புதன்கிழமைகளை நினைத்தால் வசவு மறந்துபோகிறது. குழந்தைகள் வரிசையில் நீங்கள் நெடுநெடுவென்று நிற்பதையும், விழுவதையும், எழுந்து போய் எனக்கு எழுதுவதையும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பொடிசுக்குக் கனக்கக்கூடாது என்று குதித்தீர்களே, அதை அமீர் நிஷாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் களத்து மெத்தையைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம்.

கடைசியில் கேட்டிருந்த கேள்விக்கு அப்போதே, அங்கேயே, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் கேட்ட கேள்விக்கான பதிலைத் தான்தான் முறைப்படி எழுத வேண்டும் என்கிறார் அப்பா. ஆகவே பேனாவை அவரிடம் கொடுக்கிறேன். உங்களுக்குக் கோழி பிடிப்பதற்கே நாலு பேர் தேவை என்று அத்தை சொன்னார்கள்; ழனினுக்கு என் முத்தம்.

அஞ்சுகம்

மேற்படி 5-6-1980 தேதியிட்ட கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு, என் மகள் அஞ்சுகம் 15-6-1980 ஞாயிறு மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, யாருடைய தூண்டுதலும் இன்றி அளித்த பதில்:

"புடிச்சிருக்குப்பா. எழுதிக்கங்க."

பதில் உரக்கவும் தெளிவாகவும் அளிக்கப்பட்டது. சாட்சிகள்: செல்லம்மா (மனைவி), பூவாயி (தங்கை), அமீர் நிஷா (தையல் டீச்சர்).

மாரிக்கண்ணு